ஒரு நிமிடம் முப்பத்து நான்காவது விநாடி

கிளைவ் ஓட்லிங் இனி மேடையில் கிதார் வாசிக்கக் கூடாது என்று கடிதம் வந்தது. காரணம், அவன் உட்கார்ந்து வாசிக்கிறானாம்.

"அன்புடையீர், தங்கள் குழுவின் விண்ணப்பத்துடன் இணைத்த புகைப்படத்தில் இரண்டாம் கிதார் கலைஞரின் பின்புறம் ஒரு நாற்காலி தென்படுகிறது. 1961இல் எவரும் அமரவில்லை. எனவே விதிப்புத்தகம் பதினான்காம் பிரிவின்படி நிராகரிக்கிறோம். தங்கள் ஆர்வத்துக்கு நன்றி." கீழே ஆதி கிதார் இசைப் பேரவை என்று வட்ட முத்திரை. முத்திரைக்கு நடுவில் நான்கு சின்ன மனிதர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள்.

டெனிஸ் அதை அண்ணன் கிளைவின் சமையலறையில் நின்றபடியே மூன்று தடவை படித்தாள். கிளைவுக்குப் போன வருஷம் பிப்ரவரியில் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. மருத்துவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துப் பிசையச் சொன்னார். பந்தைப் பக்கத்து வீட்டு நாய் கவ்விக்கொண்டு போனது. கடைசியில் அந்த விரல்களுக்கு உயிர் கொடுத்தது கிதார் தந்திகள்தான். ஏழு மாதம் டெனிஸ் தினமும் வேலை முடிந்து வந்து, அவனுடைய இடது கை விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தியில் வைத்து அழுத்தினாள். எட்டாம் மாதம் விரல்கள் தாமாகவே போய் உட்கார்ந்தன. அன்றைக்கு அண்ணனும் தங்கையும் தேநீரைக் கொட்டிவிட்டு அழுதார்கள். கால் மட்டும் வரவில்லை. கை வந்துவிட்டதே, கால் எதற்கு, நாற்காலி இருக்கிறதே என்று நினைத்தார்கள். பாவம், விதிப்புத்தகம் படிக்காதவர்கள்.

டெனிஸுக்கு இந்த உலகமே புதிது. முப்பத்திரண்டு வருஷமாக கிரிம்ஸ்பி ஊரில் பேருந்து ஓட்டுகிறவள். அண்ணனுடைய குழுவில் பேஸ் கிதார் வாசித்த ராய் இறந்துபோனதும், நான்கு தந்திதானே என்று அவள் கையில் அதைத் திணித்தார்கள். பாட்டே இல்லாமல் கிதார் மட்டும் பேசும் அந்தப் பழைய இசை அவளுக்குப் பிடித்துப்போனது. ஆனால் அந்த இசைக்குப் பின்னால் ஒரு பேரவை இருக்கிறது, அதற்கு ஒரு தலைவர், பதினோரு துணைத்தலைவர்கள், ஓர் அளவுகோல் எல்லாம் உண்டு என்பது பின்னால்தான் தெரிந்தது. பெண் என்ற ஒரு பத்தியே விண்ணப்பத்தில் இல்லாததால் அவளை 'திரு. ஓட்லிங் (தற்காலிகம்)' என்று பதிந்து வைத்திருந்தார்கள்.

பேரவையின் வேதம் ஒரே ஓர் இசைத்தட்டு. காஸ்வே நால்வர் என்ற குழு 1961இல் வாசித்த 'சஹாரா தபால்'. இரண்டு நிமிடம் பதினோரு விநாடி. அதில் ஒரு நிமிடம் முப்பத்து நான்காவது விநாடியில் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். ஏதோ ஒன்று எதன்மீதோ இடித்த சத்தம். வேறு ஜனங்களாக இருந்தால் யாரோ எதையோ தட்டிவிட்டார்கள் என்று விட்டுவிடுவார்கள். பேரவை விடவில்லை. அது மேளக்காரரின் குச்சி என்று ஒரு கட்சி, இரண்டாம் கிதார்காரரின் குதிகால் என்று ஒரு கட்சி. இருபது வருஷம் சண்டை போட்டு, பொதுக்குழுவில் கோப்பைகள் பறந்து, குச்சிக் கட்சிக்காரர்கள் வெளியேறி நார்விச்சில் தனிப் பேரவை கண்டார்கள். அன்றிலிருந்து இரண்டாம் கிதார் வாசிப்பவர், மெட்டு வாசிக்கும் முன்கிதார்காரரோடு மூன்று அடி முன்னால் வந்து, இடது குதிகாலால் மேடையை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அதுதான் பதினான்காம் பிரிவு. கிளைவுக்கு விழுந்துபோனது அந்த இடது கால்தான்.

ஊர் மன்றங்கள் எல்லாம் பேரவைச் சான்றிதழ் இருந்தால்தான் மேடை கொடுக்கும். அக்டோபர் மாநாட்டு மேடையில் வாசித்துக் காட்டிச் சான்றிதழ் வாங்காவிட்டால், குழுவில் முன்கிதார் வாசிக்கும் ட்ரெவர் வேறு ஆளைப் போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டான்.

"ஸ்கன்தார்ப்ல ஒரு ஆள் இருக்கான் டெனிஸ். சுமாராத்தான் வாசிக்கிறான். ஆனா நிக்கிறான் பாரு" என்றான் ட்ரெவர். பதினேழு வருஷம் கிளைவோடு ஒரே வண்டியில் போய் வந்தவன்.

அன்றிலிருந்து கிளைவ் மீனைப் பாதியில் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளினான். எட்டு மாதம் பாடுபட்டு உயிர் கொடுத்த கையை இனி வீட்டுச் சுவருக்குத்தான் காட்ட வேண்டுமா? டெனிஸ் விடுப்பு எடுத்துக்கொண்டு பேரவை அலுவலகத்துக்கே போனாள்.

அலுவலகம் ஒரு கம்பளக் கடைக்கு மேலே இருந்தது. தலைவர் நார்மன் பிக்கர்ஸ்டாஃப் எழுபத்தாறு வயதுக்காரர். கறுப்புச் சட்டம் போட்ட மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தார். சட்டம் மட்டும்தான், கண்ணாடி இல்லை. மேசைமேல் இருந்த கோப்பைப் படிக்கச் சட்டைப்பையிலிருந்து இன்னொரு கண்ணாடியை எடுத்து அதன்மேல் மாட்டிக்கொண்டார்.

"உட்காருங்க மிஸ்டர் ஓட்லிங்."

"உட்காரலாமா? இங்க அனுமதி உண்டா?" என்றாள் டெனிஸ்.

அவருக்குப் புரியவில்லை. "பார்வையாளர்கள் உட்காரலாம். இசைக்காரங்கதான் கூடாது."

"சார், எங்க அண்ணனுக்குப் பக்கவாதம். கை நல்லா ஓடுது. கால்தான் நிக்காது. கேக்குறவங்க காதாலதானே கேக்குறாங்க?"

பிக்கர்ஸ்டாஃப் இரண்டு கண்ணாடிகளையும் கழற்றினார். "இந்தத் தப்பைத்தான் எல்லாரும் பண்றாங்க. காதால கேக்குறதுக்கு இசைத்தட்டு இருக்கே. அதைவிட நல்லா நீங்க வாசிச்சிடுவீங்களா? மாட்டீங்க. அப்போ நீங்க எதுக்கு? அதே மாதிரி நிக்குறதுக்கு. எங்க பேரவைக்கு இசைமேல எந்த ஆர்வமும் கிடையாதுங்கறதைப் பெருமையாவே சொல்லிக்கிறேன். எங்களுக்கு வேண்டியது துல்லியம்."

"அப்போ முடியாதவங்க என்ன பண்றது?"

"1961ல எனக்குப் பதினாலு வயசு. என் முட்டி வலிக்கல. யார் முட்டியும் வலிக்கல. அந்தக் காலத்தை நாங்க காப்பாத்தி வச்சிருக்கோம். அதுல வந்து நீங்க ஒரு நாற்காலியைப் போடுறீங்க. நாற்காலியைப் பாத்ததும் சபையில இருக்குற ஐந்நூறு பேருக்கும் தங்களோட வயசு ஞாபகம் வந்துடும். அது கொடுமை இல்லையா?"

இதைச் சொல்லிவிட்டு அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு மேசை இழுப்பறையிலிருந்து ஒரு படிவம் எடுத்தார். உடல்நல விலக்குக்கான படிவம். அதில் முதல் கேள்வி: 'விண்ணப்பதாரர் 1961இல் நிற்க இயலாதவராக இருந்தாரா? மருத்துவச் சான்று இணைக்கவும்.'

"1961ல அவனுக்கு எட்டு வயசு சார். மரத்துமேல இருந்தான்."

"அப்போ நிக்க முடிஞ்சிருக்கு" என்று அவர் பெட்டியில் ஒரு குறி போட்டார். "அடுத்தது, நோயின் தன்மை. பக்கவாதமா... கொஞ்சம் சிக்கல். இளம்பிள்ளை வாதமா இருந்தா பரிசீலிக்கலாம். அது அந்தக் காலத்து வியாதி. முறையா இருக்கும்."

டெனிஸ் முப்பத்திரண்டு வருஷத்தில் குடிகாரர்களைப் பார்த்திருக்கிறாள், இருக்கையில் வாந்தி எடுத்தவர்களைப் பார்த்திருக்கிறாள். அவர்கள் எல்லாரும் எவ்வளவோ தேவலை என்று அன்றைக்குத் தோன்றியது. மேல்முறையீடு செய்யலாம், அளவை ஆய்வாளர் வீட்டுக்கு வருவார் என்று சொல்லி அனுப்பினார் தலைவர்.

அளவை ஆய்வாளர் பெயர் கோர்டன் பிளிம்மர். ஒல்லியான, மரியாதையான மனிதர். கழுத்தில் ஒரு நிறுத்து கடிகாரம், கையில் மடக்கு அளவுகோல். கிளைவின் கார் கொட்டகையில் முழங்காலிட்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஆறு பாதங்கள் வரைந்தார். எக்கோ இயந்திரத்தின் ஒலி திரும்பி வரும் நேரத்தை அளந்தார். டெனிஸின் புன்னகையை அளந்தார்.

"பேஸ் கிதார் கலைஞர் பல் தெரியாம சிரிக்கணும். ரெண்டாவது பல் தெரியுது" என்றார்.

"நான் சிரிக்கல. கோவமா இருக்கேன்."

"அதையே கொஞ்சம் மூடிக்கிட்டு இருங்க, போதும்."

பிறகு கிளைவ் உட்கார்ந்தபடி 'சஹாரா தபால்' வாசித்தான். இரண்டாம் கிதாரில் மெட்டு கிடையாது. ஒட்டகம் மணலில் நடப்பதுபோல அடியில் ஒரே சீராக ஓடிக்கொண்டே இருக்கும் தாளம்தான். அவன் வாசித்து முடித்ததும் பிளிம்மர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார்.

"மிஸ்டர் ஓட்லிங், முப்பது வருஷமா இதைக் கேக்குறேன். இவ்வளவு நல்லா யாரும் வாசிச்சதில்ல."

கிளைவின் முகம் மலர்ந்தது. டெனிஸ் கடையில் வாங்கி வைத்திருந்த தொத்திறைச்சி ரொட்டியை அவசரமாக ஆய்வாளரிடம் நீட்டினாள்.

"ஆனா அதுக்கு மதிப்பெண் தாள்ல பத்தி இல்ல" என்றார் பிளிம்மர், ரொட்டியை எடுத்துக்கொண்டு. "நிக்குறதுக்கு முப்பது மதிப்பெண். நடைக்கு முப்பது. டொக்குக்கு முப்பது. உடைக்குப் பத்து. மொத்தம் நூறு ஆயிடுச்சு. உங்களுக்கு உடைக்கு மட்டும் பத்து போடலாம். அதுவும் நீங்க இப்ப ஸ்வெட்டர் போட்டிருக்கீங்க."

அவர் போனபிறகு கிளைவ் சுண்ணாம்புப் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"டெனி, நா நின்னுடுறேன்" என்றான்.

"உனக்குப் பைத்தியமா? சமையக்கட்டுல சிங்க்கைப் புடிச்சாலே ஆடுற."

"ரெண்டே ரெண்டு நிமிஷம். பதினோரு விநாடி. நடுவுல மூணு அடி. இதுக்கு மேல நா என்ன கேட்டேன்? ஒலிம்பிக்ஸா ஓடப்போறேன்?"

"போகட்டும் விடு, அவனுங்க மூஞ்சில துப்பிட்டு வா. நம்ம வீட்டுலயே வாசிப்போம்."

கிளைவ் தங்கையை நிமிர்ந்து பார்த்தான். "வீட்டுல வாசிச்சா நா நோயாளிடி. மேடையில வாசிச்சா நா கிதார்காரன்."

மூன்று வாரம் டெனிஸ் அவனுடைய இடுப்பில் ஒரு துண்டைக் கட்டிப் பின்னால் பிடித்துக்கொண்டு சுண்ணாம்புப் பாதங்களின்மேல் நடக்க வைத்தாள். துண்டு இருக்கும்போது நடந்தான்.

மாநாடு கிளீதார்ப்ஸ் கடற்கரையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். இருபத்துமூன்று குழுக்கள். இருபத்துமூன்றும் ஒரே கறுப்புக் கோட்டு, ஒரே சிவப்புக் கிதார், ஒரே முடி. முடி இல்லாதவர்களுக்கு வாசலில் வாடகைக்குக் கிடைத்தது. ஒரு குழு இறங்க அடுத்த குழு ஏறி, அதே 'சஹாரா தபாலை' வாசித்தது. மூன்று அடி, டொக். மூன்று அடி, டொக். சபையில் ஐந்நூறு பேரும் மடியில் ஆளுக்கொரு கடிகாரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் கண்ணும் மேடையைப் பார்க்கவில்லை.

பதினேழாவதாக இவர்கள். சான்றிதழ் வேண்டும் என்றால் இடுப்பில் துண்டு கூடாது. ட்ரெவர் மெட்டைத் தொடங்கினான், பின்னால் கென் மேளத்தைத் தொட்டான், கிளைவ் நின்றான். முதல் ஒரு நிமிடம் அவன் நின்ற அழகை டெனிஸ் ஓரக்கண்ணால் பார்த்தபடியே வாசித்தாள். கை தானாக ஓடியது. அந்தக் கையை ஏழு மாதம் பிடித்தவள் அவள். பிறகு நடை வந்தது. முதல் அடி வைத்தான். இரண்டாவது அடி வைத்தான். மூன்றாவதுக்கு இடது காலை இழுத்தான், அது வரவில்லை. கிதாரோடு அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தான். தலை மேடைப் பலகையில் இடித்தது.

டொக்.

ஐந்நூறு பேரும் மடியில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தார்கள். பிறகு மண்டபமே எழுந்து நின்று கை தட்டியது. துல்லியமாக ஒரு நிமிடம் முப்பத்து நான்கு. சத்தமும் அதே சத்தம். குதிகாலில் ஒருநாளும் வராத அந்தக் கனத்த சத்தம்.

டெனிஸ் கிதாரைப் போட்டுவிட்டு ஓடினாள். ட்ரெவரும் கென்னும் நிறுத்தவில்லை. மெட்டு நின்றால் தகுதி இழப்பு. தரையில் கிடந்தவனைச் சுற்றிக்கொண்டு ட்ரெவர் தன் மூன்று அடியை நடந்தான். பிளிம்மர் மேடைக்கு ஓடி வந்து கிளைவின் தலைமாட்டில் முழங்காலிட்டார். அப்பாடா, ஒரு மனுஷன் இருக்கிறான் என்று நினைத்தாள் டெனிஸ். அவர் அளவுகோலை விரித்து, தலை இடித்த இடத்துக்கும் மேடை விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்தார்.

"கொஞ்சம் அசையாம இருங்க மிஸ்டர் ஓட்லிங்" என்றார்.

இடுப்பு எலும்பு முறிந்திருந்தது. கிளைவ் ஆறு வாரம் மருத்துவமனையில் கிடந்தான். நான்காம் நாள் சான்றிதழ் வந்தது. டொக்குக்கு முப்பதுக்கு முப்பது, பேரவை வரலாற்றிலேயே முதன்முறை. பேஸ் கிதார் கலைஞர் பாதியில் வாசிப்பை நிறுத்தியதற்காகக் குழுவுக்கு நான்கு மதிப்பெண் குறைத்திருந்தார்கள். ஸ்கன்தார்ப் ஆள் அந்த வாரமே சேர்ந்துவிட்டான்.

இத்தோடு விட்டிருந்தால் டெனிஸ் நான்கு நாள் திட்டித் தீர்த்துவிட்டு வண்டி ஓட்டப் போயிருப்பாள். பேரவை விடவில்லை. வசந்த காலத்தில் புது விதிப்புத்தகம் வந்தது. 'அறுபது ஆண்டு ஆராய்ச்சி முடிவுக்கு வந்தது. 1961இல் இரண்டாம் கிதார் கலைஞர் விழுந்தார். இனி அனைத்துக் குழுக்களிலும் அவர் விழ வேண்டும். இடப்பக்கமாக. இது ஓட்லிங் வீழ்ச்சி என அழைக்கப்படும்.' அடுத்த மாநாட்டில் கிளைவுக்குப் பதக்கம் உண்டு என்று அழைப்பும் வந்தது.

"போக வேணாம்" என்றாள் டெனிஸ்.

"போவோம். கிதாரையும் எடுத்து வை" என்றான் கிளைவ். இப்போது அவன் சக்கர நாற்காலியில் இருந்தான்.

மாநாட்டு ஞாயிற்றுக்கிழமை இருபத்திரண்டு கிழவர்கள் அவர்கள் கண்முன்னால் விழுந்தார்கள். சிலர் கோட்டுக்குள் தலையணை வைத்திருந்தார்கள். சிலர் வைக்கவில்லை. வாசலில் இரண்டு ஆம்புலன்ஸ்கள் வரிசையில் நின்றன. ஸ்கன்தார்ப் ஆள் அரை விநாடி முன்னால் விழுந்துவிட்டான் என்று ட்ரெவர் அவனை மேடையிலேயே திட்டினான்.

பிறகு பிக்கர்ஸ்டாஃப் ஒலிவாங்கியைப் பிடித்தார். "நண்பர்களே, இந்த மனிதர் நமக்காக விழுந்தார். விழுந்தபோது தாளம் தப்பவில்லை. இன்றைய இளைஞர்களுக்கு விழக்கூடத் தெரியவில்லை. மிஸ்டர் ஓட்லிங் மேடைக்கு வர வேண்டும்." கை தட்டல் ஓய்ந்ததும் கீழே குனிந்து, தணிந்த குரலில் சொன்னார்: "ஒரு சின்ன விஷயம். சக்கர நாற்காலி மேடைக்கு வர முடியாது. பதக்கம் நின்னுதான் வாங்கணும், பதினான்காம் பிரிவு. நம்ம ஆளுங்க ரெண்டு பேர் கையைப் புடிச்சுத் தூக்கி நிறுத்துவாங்க. பத்து விநாடி. ஒரு போட்டோ. அவ்வளவுதான்."

இரண்டு துணைத்தலைவர்கள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். கிளைவ் அவர்களை ஏற இறங்கப் பார்த்தான்.

"நா விழுந்தப்ப ஒருத்தனும் தூக்க வரல. இப்ப எதுக்குடா வர்றீங்க?"

சொல்லிவிட்டு அவன் தங்கையைப் பார்த்தான். டெனிஸ் கிதாரை அவன் மடியில் வைத்தாள், மேடை விளிம்பில் இருந்த ஒலிபெருக்கிப் பெட்டியில் அதன் கம்பியைச் செருகினாள். கிளைவ் வாசிக்கத் தொடங்கினான், மேடைக்குக் கீழே, நாற்காலியில் உட்கார்ந்தபடி. மெட்டு இல்லை, மேளம் இல்லை, ஒட்டகத்தின் நடை மட்டும். அவ்வளவு பேருக்கும் அந்த மெட்டு மனப்பாடம். யாரோ வாய்க்குள் முனக ஆரம்பித்தார்கள். கடிகாரங்களை விட்டுச் சில தலைகள் நிமிர்ந்தன. ஒரு கிழவி, மேடையில் விழுந்த யாரோ ஒருவரின் மனைவி, வாய்விட்டு அழுதாள்.

பிக்கர்ஸ்டாஃப் படியிறங்கி ஓடி வந்தார். "நாற்காலி! நாற்காலி தெரியுது! நிறுத்துங்க!" கத்திக்கொண்டே கம்பியைப் பிடுங்கக் கையை நீட்டினார்.

டெனிஸ் குறுக்கே வந்து நின்றாள். முப்பத்திரண்டு வருஷம் பேருந்தின் ஸ்டியரிங்கைத் திருப்பிய கை அது. விட்டாள் ஓர் அறை. கண்ணாடி இல்லாத அந்தச் சட்டம் பறந்துபோய் மூன்றாவது வரிசையில் விழுந்தது.

கிளைவ் நிறுத்தவில்லை. மீதி முப்பத்தேழு விநாடியையும் ஒரு தந்தி தப்பாமல் வாசித்து முடித்தான்.

பிளிம்மர் மட்டும் குனிந்து கழுத்தில் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தார். பழக்க தோஷம். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து ஏதோ குறித்துக்கொண்டார்.

புது விதிப்புத்தகம் அச்சில் இருக்கிறதாம். ஒரு நிமிடம் முப்பத்து நான்காவது விநாடியில் இனிமேல் தலைவரை யார் அறைவது, எந்தக் கையால் அறைவது என்று துணைக்குழு போட்டிருக்கிறார்கள். டெனிஸ் ஒரு பிரதிக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். கொட்டகைத் தரையில் இருந்த சுண்ணாம்புப் பாதங்களைக் கழுவிவிட்டு, அந்த இடத்தில்தான் இப்போது கிளைவின் நாற்காலியைப் போட்டிருக்கிறாள்.